நாலு ஐம்பதுக்கு வரும் எந்திரம்

கீழக்கரிசல்பட்டி,
18 மே 2025

அன்பு நாத்தனார் சுகப்பிரியாவுக்கு மதினி முனீஸ்வரி எழுதுவது. இங்கே நானும் உன் அண்ணனும் சின்னவளும் ஆடு மாடுகளும் நலம். நீ எப்படி இருக்கிறாய்? வேளைக்குச் சாப்பிடுகிறாயா? மெட்ராஸில் மழை தண்ணி உண்டா? இங்கே சித்திரையில் ஒரு நாள் மண் வாசம் அடித்ததோடு சரி.

பேசுவதை விட்டுவிட்டு இவள் ஏன் மெயில் எழுதுகிறாள் என்று மறுபடி கேட்காதே. போனில் பேசினால் வாசலில் கட்டிலில் உட்கார்ந்திருக்கிற உன் அப்பா காதில் விழும். "இந்த வீட்டுல அவ பேச்சையே எடுக்கக் கூடாது" என்று ஐந்து வருடத்துக்கு முன்னால் மாமா போட்ட சட்டம் இன்னும் அமலில் இருக்கிறது. எழுதக் கூடாது என்று அவர் சொல்லவில்லை. அதனால் எழுதுகிறேன்.

ஒரு நல்ல செய்தி. நீ செய்து கொடுத்த கிடை வெப்சைட் சக்கைப்போடு போடுகிறது. எந்தக் கிடைக்காரரின் ஆடு எந்த ஊரில் எந்த நிலத்தில் நிற்கிறது, அடுத்து எந்தத் தேதி காலி என்று மூன்று வருடமாக நான்தான் அதில் ஏற்றிக்கொண்டிருக்கிறேன். விதைப்புக்கு முன்னால் ராத்திரி ஆட்டை நிலத்தில் அடைத்து எரு ஏற்ற வேண்டும் என்கிற வெள்ளாமைச் சம்சாரி அதைப் பார்த்துவிட்டுப் போன் போடுவார். ஒரு நாளைக்கு நாற்பது பேர் பார்த்தால் பெரிது. போன வாரம் மட்டும் எத்தனை தெரியுமா? நாற்பத்தோராயிரம்! சிங்கப்பூர், ஜெர்மனி, அமெரிக்காவில் வர்ஜீனியாவோ ஏதோ ஓர் ஊர்.

முந்நூறு செம்மறி வைத்திருக்கிற பால்பாண்டி அண்ணாச்சியிடம் சொன்னேன். "ஏத்தா, அமெரிக்காவுல கெடை போடணும்னா ஆட்டக் கப்பல்லயா ஏத்துவாக?" என்று கேட்டார். கேட்ட கையோடு சலூனுக்குப் போய்விட்டு வந்து, வெப்சைட்டில் இருக்கிற தன் போட்டோவை மாற்றச் சொன்னார். நானும் சும்மா இருக்கவில்லை. முகப்பில் இங்கிலீஷில் 'வருக வருக' என்று போட்டுவிட்டேன்.

ஒன்றுதான் விளங்கவில்லை. இத்தனை பேர் பார்த்தும் ஓர் ஆள்கூடப் போன் போடவில்லை. மல்லாங்கிணறு பக்கத்துச் சம்சாரிகள் வேறு, பக்கம் திறக்கவே மாட்டேன் என்கிறது என்று சடைக்கிறார்கள். கூட்டம் கூடிப்போனதால் இருக்குமோ?

நீ எப்போதும் கேட்காத ஆளும் நலம்.

உன் மதினி,
முனீஸ்வரி


சென்னை,
21 மே 2025

அன்பு மதினிக்கு,

நான் நலம். நீங்கள், அண்ணன், சின்னவள், சினையாக இருந்த கருப்பி ஆடு, பக்கத்து வீட்டு மாரீஸ்வரி அக்கா, அந்த அக்காவின் கொத்துகிற சேவல், எல்லோரும் நலமா? இங்கே மழை இல்லை. வேர்வைதான்.

முதலில் அந்த 'வருக வருக'வை எடுங்கள். உங்கள் நாற்பத்தோராயிரத்தில் மனிதர்கள் முந்நூறு பேர்கூட இல்லை. நேற்று முழுக்க உட்கார்ந்து பார்த்துவிட்டேன். மற்றதெல்லாம் எந்திரம். ஆங்கிலத்தில் பாட் என்பார்கள்.

உலகத்து வெப்சைட்டுகளை ஒவ்வொரு பக்கமாகத் திறந்து, இருப்பதை அள்ளிக்கொண்டு வரச்சொல்லிக் கம்பெனிகள் எந்திரங்களை ஏவிவிடுகின்றன. தேடுகிறவர்களுக்கு நம் பக்கத்தைக் காட்டிக் கொடுக்க வருபவை உண்டு. அவற்றால் தொந்தரவு இல்லை. இப்போது புதிதாகச் செயற்கை அறிவுக்குத் தீனி சேர்க்க வருகிற கூட்டம்தான் மோசம். ஒரு விநாடிக்கு முப்பது தடவை கதவைத் தட்டுகிறது. நம்முடையது சின்ன சர்வர். அது மூச்சுத் திணறிப் படுத்துவிடுகிறது. மல்லாங்கிணற்றுக்காரருக்குப் பக்கம் திறக்காதது அதனால்தான்.

இன்னொரு வேடிக்கை கேளுங்கள். நம் தளத்தில் 'அடுத்த மாதம்' என்று ஒரு பொத்தான் வைத்தேன் இல்லையா? மனிதராக இருந்தால் இரண்டு தடவை அழுத்துவார். இந்த எந்திரம் அழுத்திக்கொண்டே போய், 2190ஆம் வருடம் மாசி மாதத்தில் பால்பாண்டி அண்ணாச்சியின் கிடை காலியா என்று பார்த்திருக்கிறது. காலியாகத்தான் இருக்கிறது.

இதற்கென்று ஓர் அறிவிப்புக் கோப்பு உண்டு. எந்தெந்த எந்திரம் எந்தப் பக்கத்துக்கு வரக் கூடாது என்று அதில் எழுதி வைக்கலாம். மரியாதை தெரிந்தவை அதைப் படித்துவிட்டுத் திரும்பிவிடும். இன்றே வைத்துவிடுகிறேன்.

அண்ணாச்சியிடம் மெதுவாகச் சொல்லுங்கள். முடி வெட்டியது வீண் இல்லை, வெயிலுக்கு நல்லதுதான்.

அன்புடன்,
சுகப்பிரியா


கீழக்கரிசல்பட்டி,
25 மே 2025

அன்பு நாத்தனாருக்கு,

எல்லோரும் நலம். கருப்பி இரண்டு குட்டி போட்டிருக்கிறது. சேவல் போன வாரம் குழம்பாகிவிட்டது, இனி அதை விசாரிக்காதே. சேவலைக் கூட ஞாபகமாகக் கேட்கிற பெண்ணே, நீ கேட்காத ஆளும் நலம்.

நீ சொன்னதைப் பால்பாண்டி அண்ணாச்சியிடம் சொன்னேன். புதிதாக வெட்டின தலையைத் தடவினார். பிறகு, "அப்ப நாப்பதாயிரம் பேரும் மனுசப்பய இல்லையா?" என்று கேட்டுவிட்டு, "போர்டு எழுதி வச்சா ஆடு படிச்சுட்டுப் போயிருமாத்தா? முள்ளு வெட்டி அடைக்கச் சொல்லு" என்றார். எனக்கும் அதுதான் தோன்றியது. உன் அறிவிப்புக் கோப்பு வைத்து நாலு நாள் ஆகிறது. தளம் நேற்றும் படுத்துக்கொண்டது.

படுத்துக்கொண்டதால் என்ன ஆயிற்று என்று கேள். சங்கரம்மாள் அக்காவின் நிலத்தில் ஏற்கெனவே வேறொருவர் கிடை போட்டிருந்தார். பக்கம் திறக்காததால் அது தெரியாமல் அண்ணாச்சி தன் முந்நூறு உருப்படியையும் அங்கேயே பத்திக்கொண்டு போய்விட்டார். இரண்டு மந்தையும் கலந்துவிட்டது. ஆடு பிரிக்க அரை நாள் ஆயிற்று, அவர்கள் இருவரையும் பிரிக்க மீதி அரை நாள். இப்படியே போனால் ஆடிக்குள் ஒருவரும் வெப்சைட்டை நம்ப மாட்டார்கள். மூன்று வருடமாக வீடு வீடாகப் போய் நம்ப வைத்தது நான். எனக்கு அழுகை வருகிறது.

சரி, சந்தோஷமான சேதி. சின்னவளுக்கு ஆவணியில் காதுகுத்து. ஆகஸ்ட் 31, ஞாயிறு, நம் அய்யனார் கோயிலில். மூன்று வயதாகிறது, அத்தையைப் போட்டோவில்தான் தெரியும் அவளுக்கு. அத்தை இல்லாமல் காதுகுத்தா? நீ வர வேண்டும்.

உன் மதினி,
முனீஸ்வரி


சென்னை,
2 ஜூன் 2025

அன்பு மதினிக்கு,

நலம். அங்கு அண்ணன், சின்னவள், கருப்பி, அதன் இரண்டு குட்டிகள், எல்லோரும் நலமா? சேவலுக்கு என் அனுதாபம்.

முள் அடைத்துவிட்டேன். நாட்காட்டி ஆறு மாதத்தோடு நின்றுவிடும். 2190க்கு இனி ஒருவரும் போக முடியாது. விநாடிக்கு முப்பது தடவை தட்டினால் தானாகக் கதவைச் சாத்துகிற மாதிரி செய்திருக்கிறேன். கிடை விவரப் பக்கங்களுக்கு வருபவர் மனிதர்தானா என்று பார்க்கிற படத் தேர்வும் வைத்திருக்கிறேன். ஒன்பது கட்டத்தில் போக்குவரத்து விளக்கு எங்கே இருக்கிறதோ அங்கே தொட வேண்டும். அவ்வளவுதான்.

காதுகுத்துக்கு வர எனக்கு ஆசை இல்லாமலா? ஆனால் எப்படி வருவேன் மதினி? தாலுகா ஆபீஸ் வேலைக்குப் பரீட்சை எழுதித் தேர்வானேன். ஊர் முழுக்க அவர் மிட்டாய் கொடுத்தார். நான் அந்த வேலையில் சேராமல் மெட்ராஸுக்குக் கம்ப்யூட்டர் வேலைக்குக் கிளம்பினேன். அன்றைக்கு அருப்புக்கோட்டை பஸ் ஸ்டாண்டில், நாலு பேர் பார்க்க, "இனி உன் மூஞ்சியில முழிக்க மாட்டேன்" என்றார். அம்மா இல்லாத வீட்டில் எனக்குச் சடை பின்னிவிட்ட மனிதர் அவர். அந்த வாயால் அதைக் கேட்ட பிறகு நானாக வந்து நிற்க முடியாது. அதே வாயால் வா என்று ஒரு வார்த்தை சொல்லட்டும், அடுத்த பஸ்ஸில் ஏறுகிறேன். அதற்கு மேல் இதைப் பற்றி எழுத வேண்டாம்.

அன்புடன்,
சுகப்பிரியா


கீழக்கரிசல்பட்டி,
15 ஜூன் 2025

அன்பு நாத்தனாருக்கு,

எல்லோரும் நலம், நீ கேட்காத ஆள் உட்பட. எழுத வேண்டாம் என்றாய், எழுதவில்லை. அவர் சாப்பாடு மட்டும் கொஞ்சம் குறைந்திருக்கிறது, வெயில் காரணமாக இருக்கும். இதுவும் உன் கேள்விக்குப் பதில் இல்லை, சும்மா சொன்னேன்.

உன் படத் தேர்வுக்கு வருகிறேன். அம்மா தாயே, அதை எடுத்துவிடு. காரியாபட்டிக்கு இந்தப் பக்கம் யாராவது போக்குவரத்து விளக்கைப் பார்த்திருப்பார்களா என்று ஒரு நிமிடம் யோசித்தாயா? ராமசுப்பு சித்தப்பா போனைத் தூக்கிக்கொண்டு நேரே வீட்டுக்கு வந்துவிட்டார். விளக்கு முடிந்ததும், ரோட்டோரத்தில் சிவப்பாக நிற்கிற தீயணைப்புக் குழாயைத் தொடச் சொல்கிறதாம். "நம்ம ஊரு அடிபம்பு மாதிரி இருக்கு, ஆனா கைப்பிடியக் காணோம், தொடவா வேண்டாமா?" என்று கேட்கிறார். உன் அண்ணன் மூன்று தடவை தோற்றார். நான்காவது தடவை 'நீங்கள் எந்திரமாக இருக்கலாம்' என்று வந்தது. போனைக் கட்டிலில் போட்டுவிட்டு ஆட்டைப் பார்க்கப் போய்விட்டார்.

இதில் கொடுமை என்ன தெரியுமா? பார்வையாளர் கணக்கு இன்னும் ஒன்பதாயிரம் காட்டுகிறது. சம்சாரிகள் எல்லோரும் வெளியே நிற்கிறார்கள், எந்திரங்கள் விளக்கைச் சரியாகத் தொட்டுவிட்டு உள்ளே போய்விடுகின்றன. நல்ல வேலி போட்டாய் போ.

சின்னவளுக்குக் கம்மல் எடுத்தாயிற்று. கண்ணாடி முன் நின்று காதில் ஒட்டிவைத்துப் பார்க்கிறாள்.

உன் மதினி,
முனீஸ்வரி


சென்னை,
29 ஜூன் 2025

அன்பு மதினிக்கு,

நலம். அனைவரும் நலமா? அண்ணனிடம் மன்னிப்புக் கேட்டதாகச் சொல்லுங்கள். படத் தேர்வை எடுத்துவிட்டேன்.

இந்த முறை குறுக்கு வழி வேண்டாம் என்று, இரண்டு வாரமாகத் தளத்தின் வருகைப் பதிவை நானே வரி வரியாகப் படித்தேன். முதல் தடவை வருகிற ஒவ்வொரு போனுக்கும் கணினிக்கும் நம் தளம் ஓர் அடையாள எண் கொடுத்துவிடும். எண்ணை வைத்து யார் எப்போது வந்தார், எதைப் பார்த்தார் என்று பிடித்துவிடலாம். இருநூற்றுப் பதினேழு எந்திரங்களைக் கண்டுபிடித்து அடைத்துவிட்டேன். மூன்று நாளாகத் தளம் ஒரு தடவைகூடப் படுக்கவில்லை, கவனித்தீர்களா?

அதில் ஒன்றைப் பற்றி உங்களுக்குச் சொல்லியே ஆக வேண்டும். தினமும் காலை சரியாக நாலு ஐம்பதுக்கு வருகிறது. கிடை விவரம் எதையும் தொடுவதில்லை. தளத்தின் கடைசியில் இருக்கிற 'எங்களைப் பற்றி' என்ற பக்கத்தை மட்டும் திறக்கும். நீங்கள் வம்புக்கு என் போட்டோவைப் போட்டு, 'இத்தளத்தை உருவாக்கியவர்' என்று எழுதி வைத்திருக்கிறீர்களே, அந்தப் பக்கம்தான். ஒரு நிமிடம் இருக்கும், போய்விடும். ஒரு நாள் விடவில்லை. பொங்கலுக்கும் தீபாவளிக்கும்கூட லீவு இல்லை. இப்படி இரண்டு வருடம்!

எங்கிருந்து வருகிறது என்று பார்த்தால் மதுரை என்று காட்டுகிறது. அது ஏமாற்று. இப்போதெல்லாம் எந்திரங்கள் உள்ளூர்ப் போன்களுக்குள் ஒளிந்துகொண்டு வருகின்றன. மனிதராகப் பிறந்த எவரும் இவ்வளவு ஒழுங்காக இருக்க மாட்டார்கள் மதினி. ஒரு நாளாவது தூங்கிவிடுவார்கள், ஒரு நாளாவது வேறு பக்கத்தைத் தொடுவார்கள். இன்று அதையும் அடைத்துவிட்டேன். பிடித்ததில் எனக்கு அப்படி ஒரு பெருமை. ஆபீஸில் எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தேன்.

அன்புடன்,
சுகப்பிரியா


கீழக்கரிசல்பட்டி,
3 ஜூலை 2025

சுகப்பிரியாவுக்கு,

நலம் எல்லாம் அப்புறம். அந்த நாலு ஐம்பதைத் திறந்துவிடு. இந்த மெயிலைப் படித்ததும் முதல் வேலையாகச் செய். காரணம் கேட்காதே, நான் ஒருவருக்குச் சத்தியம் செய்து கொடுத்திருக்கிறேன். மற்ற இருநூற்றுப் பதினாறையும் என்ன வேண்டுமானாலும் செய்துகொள்.

வேறு விசேஷம் இல்லை. நீ கேட்காத ஆள் நாலு நாளாகக் காலைக் காபியைத் தொடவில்லை. போன் கெட்டுவிட்டது என்று முந்தாநாள் பஸ் ஏறித் திருச்சுழிக்குப் போனார். அங்கே போன் கடை வைத்திருக்கிற ஆனந்தகுமார், "போனு நல்லாத்தான் இருக்கு பெரியப்பா, உங்களுக்கு எது வரலைன்னு சொல்லுங்க" என்று கேட்டிருக்கிறான். இவர் போனை வாங்கிக்கொண்டு வந்துவிட்டார். வந்ததில் இருந்து மூலையில் உட்கார்ந்து அதைத் துணியால் துடைத்துக்கொண்டே இருக்கிறார். உனக்கு எதற்கு இதெல்லாம். நீதான் கேட்கவில்லையே.

எந்திரத்துக்கு ஒரு யோசனை வைத்திருக்கிறேன். விளக்கையும் குழாயையும் காட்டுவதற்குப் பதில், நம் ஊரில் ஒரு மனிதர் இன்னொரு மனிதரைப் பார்த்தால் என்ன கேட்பாரோ அதைக் கேள். 'உங்க ஊர்ல மழை தண்ணி உண்டா?' அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாமல் போகிற சம்சாரி இந்தத் தாலுகாவிலேயே கிடையாது. கடன் வாங்கி ஒளிந்து திரிகிறவன்கூட நின்று பதில் சொல்லிவிட்டுத்தான் ஓடுவான்.

முதலில் நாலு ஐம்பது. மறந்துவிடாதே.

முனீஸ்வரி


சென்னை,
21 ஜூலை 2025

அன்பு மதினிக்கு,

பதில் எழுத இத்தனை நாள் ஆகிவிட்டது. வேலை அதிகம் என்று எழுத நினைத்தேன். அப்படி ஒன்றும் வேலை இல்லை.

உங்கள் மெயில் வந்த அன்றே அதைத் திறந்துவிட்டேன். மறுநாள் காலையில் நாலு நாற்பதில் இருந்து கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்திருந்தேன். நாலு ஐம்பதுக்கு வந்தது. ஒரு நிமிடம் இருந்துவிட்டுப் போகும் என்று சொன்னேன் அல்லவா? அன்று பதினொரு நிமிடம் இருந்தது.

மழைக் கேள்வி நல்ல யோசனை. இன்று எல்லாப் பக்கத்துக்கும் முன்னால் வைத்துவிட்டேன். தமிழில் என்ன பதில் சொன்னாலும் கதவு திறக்கும். எழுதத் தெரியாதவர்கள் மைக் படத்தைத் தொட்டு வாயாலேயே சொல்லலாம். நாளைக்கு எந்திரங்கள் இதையும் கற்றுக்கொள்ளும். அதுவரை தாங்கும்.

'எங்களைப் பற்றி' பக்கத்தில் இருக்கிற என் போட்டோ காலேஜில் எடுத்தது. அதில் ரொம்ப இளைத்திருக்கிறேன். பார்க்கிறவர்கள் நான் சாப்பிடுவதில்லை என்று கவலைப்படக்கூடும். புதிய போட்டோ ஒன்று அனுப்பியிருக்கிறேன், மாற்றிவிடுங்கள். கொஞ்சம் பெரிதாகவே போடுங்கள், கண்ணாடி போடாமல் பார்த்தாலும் தெரிய வேண்டும்.

அண்ணன், சின்னவள், கருப்பி, குட்டிகள், மாரீஸ்வரி அக்கா, எல்லோரும் நலமா? எல்லோரும் என்றால் எல்லோரும்தான்.

அன்புடன்,
சுகப்பிரியா


கீழக்கரிசல்பட்டி,
25 ஜூலை 2025

அன்பு நாத்தனாருக்கு,

எல்லோரும் என்றால் எல்லோரும் நலம். போட்டோ மாற்றிவிட்டேன். ஒரு கன்னம் கூடியிருக்கிறது, நல்ல வேளை.

மழைக் கேள்வியால் ஊரே கலகலப்பாகிவிட்டது. கிடை பார்க்க வந்தவர்கள் கிடையை மறந்துவிட்டுப் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். ராமசுப்பு சித்தப்பா, "மல்லாங்கிணத்துல நல்ல மழையாம், எல்லை தாண்டி ஒரு சொட்டு இங்க வரல, அந்த மேகத்துக்கும் நமக்கும் என்ன பகையோ" என்று ஒரு பக்கத்துக்குப் பேசியிருக்கிறார். சங்கரம்மாள் அக்கா ஒரே வார்த்தை: "கேக்காத." எந்திரங்களுக்கு வாயடைத்துவிட்டது. ஒன்று மட்டும் 'மழை என்பது நீர்ச் சுழற்சியின் முக்கியமான பகுதியாகும்' என்று கட்டுரை எழுதி வைத்திருக்கிறது. பால்பாண்டி அண்ணாச்சியிடம் படித்துக் காட்டினேன். "இவன் நெலத்துல காலே வச்சதில்ல" என்றார். தளம் இப்போது ஓட்டமாக ஓடுகிறது. ஆடி முழுக்கக் கிடை நிறைந்துவிட்டது.

இனி மற்றது. நீயே கண்டுபிடித்துவிட்டதால் என் சத்தியம் உடைந்ததாக ஆகாது என்று நினைக்கிறேன். இரண்டு வருடத்துக்கு முன்னால் மாமா புதுப் போன் வாங்கிவந்து, "கெடை வெவரம் பாக்கணும், அந்தப் பக்கத்தத் தொட்டதும் தெறக்கிற மாதிரி வச்சுக் குடு" என்றார். கிடை விவரம் இருக்கிற பக்கத்தை வைத்துக் கொடுத்தேன். "இது இல்ல, கடைசிப் பக்கம்" என்றார். அவ்வளவுதான், நானும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. யாரிடமும் மூச்சு விடக் கூடாது என்று சின்னவள் தலையில் என் கையை வைத்துச் சத்தியம் வாங்கினார்.

காலையில் அவர் எழுந்திருப்பதை நான் பார்த்திருக்கிறேன் சுகப்பிரியா. முழிப்பு வந்ததும் கண்ணைத் திறக்க மாட்டார். மூடின கண்ணோடு தலைமாட்டைத் தடவிப் போனை எடுத்து, பழகின விரலால் தொட்டு, முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு, அதற்குப் பிறகுதான் கண்ணைத் திறப்பார். சாமி படத்தில் முழிக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன், சிலர் உள்ளங்கையில் முழிப்பார்கள். உன் அப்பா இரண்டு வருடமாக உன் மூஞ்சியில்தான் முழிக்கிறார்.

நாலு நாளாகக் காலையில் வாசலில் "இல்ல" என்று ஒரு சத்தம் கேட்கிறது. உன் கேள்விக்குப் பதிலாம்.

உன் மதினி,
முனீஸ்வரி


சென்னை,
9 ஆகஸ்ட் 2025

அன்பு மதினிக்கு,

உங்கள் மெயிலை ஆபீஸ் பஸ்ஸில் படித்தேன். பக்கத்து சீட்டுக்கார அம்மா பயந்துபோய்த் தண்ணீர் பாட்டிலை நீட்டினார். அவ்வளவு அழுதேன். நல்ல அழுகைதான்.

பதிவில் இருப்பதை அப்படியே உங்களுக்கு எழுதுகிறேன். எல்லாம் காலை நாலு ஐம்பது. மழை தண்ணி உண்டா என்ற கேள்விக்கு ஜூலை 22இல் இருந்து தினமும் ஒரே பதில், "இல்ல." 28ஆம் தேதி, "இல்ல. காத்துதான்." ஆகஸ்ட் 2ஆம் தேதி:

"இங்க இல்ல. அங்க உண்டா?"

கேள்வியை வைத்தது நான்தான் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. ஐந்து வருடம் கழித்து அவர் என்னிடம் பேசின முதல் வார்த்தை அது.

அந்த ஒரு போனுக்கு மட்டும் தெரிகிற மாதிரி என் போட்டோவுக்குக் கீழே ஒரு வரி எழுதினேன். எழுதி எழுதி அழித்து, மூன்று நாள் ஆயிற்று. கடைசியில் இதுதான் வந்தது: 'இங்கே சாயங்காலம் சாயங்காலம் நல்ல மழை அப்பா. குடை வைத்திருக்கிறேன்.'

மறுநாள் பதில்: "குடைய எங்கயாச்சும் வச்சிட்டு வந்துருவ. பைக்குள்ளயே வையி."

ஆறாம் வகுப்பில் நான் நாலு குடை தொலைத்தேன் மதினி. அவர் மறக்கவில்லை.

நேற்றுக் காலை வந்தது: "பாப்பாவுக்குக் காதுகுத்து. வா. பஸ்ஸு ஏறிட்டுச் சொல்லு."

அதே வாயால் சொல்லட்டும் என்று எழுதியிருந்தேன் அல்லவா? மைக்கைத் தொட்டு வாயால்தான் சொல்லியிருக்கிறார். ஆகஸ்ட் 29 வெள்ளி இரவு பஸ்ஸுக்கு டிக்கெட் எடுத்துவிட்டேன். சனிக்கிழமை விடியும் முன் அருப்புக்கோட்டையில் இறங்குவேன். சின்னவளுக்குக் கொலுசும், அண்ணனுக்குச் சட்டையும், பால்பாண்டி அண்ணாச்சிக்கு ஒரு தொப்பியும் வாங்கியிருக்கிறேன்.

கேட்காமல் விட்டதை இப்போது கேட்கிறேன். அப்பா எப்படி இருக்கிறார்?

அன்புடன்,
சுகப்பிரியா


கீழக்கரிசல்பட்டி,
20 ஆகஸ்ட் 2025

அன்பு நாத்தனாருக்கு,

நீ கேட்ட ஆள் நலம். காபி இரண்டு தம்ளராகக் கேட்கிறார்.

இந்த வீட்டில் உன் பேச்சை எடுக்கக் கூடாது என்ற சட்டம் ரத்தாகிவிட்டது. ரத்து செய்ததும் அவர்தான். போன வாரம் டீக்கடையில் ராமசுப்பு சித்தப்பா வழக்கம்போல மழையைப் பற்றிப் புலம்பியிருக்கிறார். இவர் தம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "மெட்ராஸ்ல நல்ல மழையாம். எம் மக சொன்னா" என்று கடையே கேட்கிற மாதிரி சொல்லியிருக்கிறார். பால்பாண்டி அண்ணாச்சி, "எந்த மக?" என்று வேண்டுமென்றே கேட்டாராம். "எனக்கு என்ன பத்து மகளா இருக்கு, சுகப்பிரியாதான்" என்று இவர் முறைத்தாராம். அண்ணாச்சி அங்கிருந்து நேரே வீட்டுக்கு ஓடி வந்து என்னிடம் நடித்தே காட்டினார்.

போர்டு, முள், படத் தேர்வு என்று நீ எத்தனை வேலி போட்டாய்! அது உன் அண்ணனை எந்திரம் என்றது, உன் அப்பாவையும் எந்திரம் என்று நீயே பிடித்து அடைத்தாய். காதுகுத்துக்கு வந்து இரண்டு பேர் காலிலும் விழு.

சனிக்கிழமை உன்னைக் கூப்பிட உன் அண்ணன் பைக் எடுத்துக்கொண்டு அருப்புக்கோட்டைக்கு வருவதாகத்தான் இருந்தது. மாமா வேண்டாம் என்றுவிட்டார். "நானே போறேன். நாலு மணிக்கே பஸ் ஸ்டாண்டுல நிப்பேன். ஒரு ஆட்டோ பேசியிருக்கேன்" என்கிறார். நாலு மணிக்கு அங்கே நிற்க வேண்டுமென்றால் மூன்று மணிக்கு எழுந்திருக்க வேண்டும். அன்றைக்கு மட்டும் அவள் போட்டோ இருக்கிற பக்கத்தை முன்கூட்டியே திறந்து வைக்கவா மாமா என்று சும்மா சீண்டினேன்.

துடைத்துக்கொண்டிருந்த போனை என் கையில் கொடுத்துவிட்டார். "இது அன்னைக்கு இங்கயே கெடக்கட்டும். ஆட்டோவுல கண்ண மூடிக்கிட்டே போயிருவேன். பஸ்ஸு வந்ததும் நீ தொட்டு எழுப்பிவிடுன்னு ஆட்டோக்காரன்ட்ட சொல்லியிருக்கேன். நேர்லயே முழிச்சுக்கிடுறேன்" என்றார்.

உன் மதினி,
முனீஸ்வரி